ஒரு யூனிட் கரண்டில் வேன் குடித்தனம்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 5 சீட்டர் மாருதி ஈகோ வேனின் பின்னால் படுக்கை போட்டு, லேப்டாப் வேலையையும் அதிலேயே பார்த்துக்கொண்டு ஆறு மாதம் ஊர் சுற்றக் கிளம்பியிருக்கிறீர்கள். கையில் 1000 வாட் ஹவர் பவர் ஸ்டேஷன் (பிளக் ஓட்டைகளோடு வருகிற பேட்டரிப் பெட்டி) ஒன்று, 100 வாட் மடக்கு சோலார் பலகை ஒன்று. ராத்திரி எட்டு மணிக்கு 80 சதவீதம் காட்டுகிற பெட்டி மூணு மணிக்குள் செத்துப்போய், ஃபேன் நின்று, வியர்த்துக்கொண்டே எழுந்திருக்கிறீர்கள். 2000 வாட் ஹவர் பெட்டி வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். காசை வைத்திருங்கள். உங்கள் பெட்டி சிறியது இல்லை, அதில் ஓட்டை இருக்கிறது. பெரிய குடம் வாங்கினாலும் அதே ஓட்டை அதிலும் இருக்கும், ஃபேன் மூணு மணிக்கு பதில் காலை பத்து மணிக்கு நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் அந்த 1000 வாட் ஹவர் என்றால் என்ன என்று மனசில் பதிய வேண்டும். அது ஒரு யூனிட். மின்வாரிய அட்டையில் எழுதுவார்களே, அதே யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதுவே போதாமல் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படிப் பழகினவர்கள் ஒரு நாளை ஒரே யூனிட்டுக்குள் அடக்க வேண்டுமென்றால், மாசக் கடைசியில் சம்பளத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துத்தான் ஆக வேண்டும். நான் இரண்டரை வருஷமாக வேனில்தான் இருக்கிறேன், என்னிடமும் அதே அளவுப் பெட்டிதான், ஒரு குட்டி நோட்டில் வரவு செலவு எழுதுகிறேன். முதல் மாதம் எழுதாமல் இருந்தேன், அந்த மாதம் முழுக்க உங்களைப் போலத்தான் நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் ராத்திரிக் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் சொன்ன பட்டியலில் வீட்டிலிருந்து எடுத்துவந்த டேபிள் ஃபேன் இருக்கிறது, அது 50 வாட். கார் சாக்கெட்டில் சொருகும் குளிர்ப் பெட்டி, அதுவும் 50 வாட், நிற்காமல் இழுக்கும். ஃபேனுக்காக ஏசி பட்டனை (குளிர்விக்கிற ஏசி இல்லை, வீட்டு பிளக்கில் வருகிற 230 வோல்ட் மின்சாரம்) அழுத்திவைத்திருப்பதால் பெட்டிக்குள் இருக்கிற இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 15 வாட் போலத் தின்னும், போதாததற்கு பேட்டரியின் டிசியை அந்த ஏசியாக மாற்றுவதில் பத்து சதவீதம் போகும். எல்லாம் சேர்ந்து மணிக்கு 120 வாட் ஹவர். கையில் இருந்தது 800. வகுத்துப் பாருங்கள், ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மணியிலிருந்து எண்ணினால் ராத்திரி இரண்டே முக்கால். பெட்டி உங்களை ஏமாற்றவில்லை, கணக்குப்படிதான் செத்திருக்கிறது.

இதில் அந்த 15 வாட்தான் கள்ளன். நிறைய பெட்டிகளில் திரையில் காட்டுவது வெளியே போகிற வாட் மட்டும்தான், இன்வெர்ட்டர் தானாகச் சாப்பிடுவது அதில் வராது. இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள்: பெட்டியை முழுசாக ஏற்றிவிட்டு, எதையும் சொருகாமல் ஏசி பட்டனை மட்டும் போட்டுவிட்டுத் தூங்குங்கள். நான் செய்தபோது ராத்திரி ஒன்பதரைக்கு 100 காட்டிற்று, காலை ஆறரைக்கு 86. ஒன்பது மணி நேரம், ஒரு பொருள்கூட ஓடவில்லை, ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு ராத்திரிக்கு அத்தனை என்றால், பகலிலும் சேர்த்து அந்தப் பட்டனை அணைக்காமலே விட்டுவைக்கிறவருக்குப் பெட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெறும் பட்டன் செலவு.

அதனால் முதல் வேலை, ராத்திரியில் ஏசி பட்டனைத் தொடாமல் வாழக் கற்றுக்கொள்வது. 12 வோல்ட் டிசி ஃபேன் கிடைக்கிறது, சோலார் கடைகளிலும் லாரி உதிரிபாகக் கடைகளிலும் பார்க்கலாம், பிரஷ் இல்லாத மோட்டார் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 10 முதல் 15 வாட்டுக்குள் முடியும். அந்தச் சின்ன இடத்தில் முகத்துக்கு நேராக ஒரு ஃபேன் இருந்தால் போதும், வீட்டு ஃபேன் அளவு காற்று தேவையே இல்லை. ஃபேனை எதிர் ஜன்னலைப் பார்த்து வைத்து உள்ளே இருக்கிற சூட்டை முதல் அரை மணி நேரம் வெளியே தள்ளுங்கள், அப்புறம் உங்கள் பக்கம் திருப்புங்கள். வேனின் தகரம் ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும், அதை வெளியேற்றாமல் அதே காற்றைச் சுற்றவிட்டுப் பயன் இல்லை.

லேப்டாப்பும் அப்படித்தான். டைப் சி பிளக்கில் சார்ஜ் ஆகிற லேப்டாப் என்றால் பெட்டியில் இருக்கிற டைப் சி ஓட்டையில் நேராகச் சொருகுங்கள். பேட்டரி டிசி, லேப்டாப்பும் டிசி, நடுவில் எதற்கு 230 வோல்ட் ஏசி ஆக்கி, சார்ஜர் செங்கல் அதை மறுபடி டிசி ஆக்கி, இரண்டு இடத்திலும் சூடாக்கி வீணடிக்க வேண்டும்? பழைய உருண்டை முனை லேப்டாப்புக்குக்கூட டைப் சியிலிருந்து மாற்றித் தருகிற ஒயர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, உங்கள் லேப்டாப்பின் வோல்ட்டைப் பார்த்து வாங்க வேண்டும். முழு நாள் வேலைக்கு எனக்கு 250 வாட் ஹவர் போல ஆகிறது. போன் ஒரு முறை ஏற 20 வாட் ஹவர், அது ஒரு செலவே இல்லை.

அடுத்து அந்தக் குளிர்ப் பெட்டி. உங்களிடம் இருப்பதில் கம்ப்ரஸர் கிடையாது, பெல்டியர் சில்லு, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகிற தகடு. பட்டனை ஒரு பக்கம் தள்ளினால் குளிர், மறுபக்கம் தள்ளினால் சூடு என்று இருந்தால் அது பெல்டியர்தான். அதால் வெளிக்காற்றைவிட 15, மிஞ்சினால் 20 டிகிரி குறைவாகத்தான் குளிர்விக்க முடியும். மே மாதம் மதியம் வேனுக்குள் 42 டிகிரி என்றால் உள்ளே இருக்கிற பால் 24 டிகிரியில் இருக்கும், சாயங்காலத்துக்குள் திரிந்துவிடும். இந்தச் சேவைக்கு அது 24 மணி நேரத்தில் 1200 வாட் ஹவர் கேட்கும். உங்கள் பெட்டியின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம். ஓட்டையில் பெரிய ஓட்டை இதுதான், இன்றைக்கே வீட்டுக்கு பார்சல் போட்டுவிடுங்கள்.

கம்ப்ரஸர் வைத்த 12 வோல்ட் ஃபிரிட்ஜ் வேறு ஜாதி. ஓடும்போது அதுவும் 45, 50 வாட் இழுக்கும், ஆனால் குளிர்ந்ததும் நின்றுவிடும், மறுபடி தேவைப்படும்போது ஓடும். நம் ஊர் வெயிலில் 30 லிட்டர் அளவுக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 500 வைத்துக்கொள்ளுங்கள். விலை வலிக்கும். மருந்து எதையாவது குளிரில் வைத்தாக வேண்டியவர்கள் வாங்கத்தான் வேண்டும், மற்றவர்கள் ஒரு மாதம் ஃபிரிட்ஜே இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தமிழ்நாட்டில் எந்த ஊரில் நிறுத்தினாலும் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டும் தயிரும் கிடைக்கிறது, எதற்கு ஸ்டாக் வைக்க வேண்டும்? கடலோரமாகப் போகிறீர்கள் என்பதால் இன்னொரு வழி. மீன் இறங்குகிற ஊர் எல்லாவற்றிலும் ஐஸ் கம்பெனி இருக்கும். மீனுக்குப் போடுகிற ஐஸ், வாயில் வைக்கக் கூடாது, கெட்டியான பையில் கட்டித் தெர்மாகோல் பெட்டியின் அடியில் வையுங்கள். 5 கிலோ ஐஸ் உருகும்போது இழுத்துக்கொள்கிற சூடு கிட்டத்தட்ட 460 வாட் ஹவர். பேட்டரியிலிருந்து ஒரு சொட்டு போகாது.

இப்போது டீ. எலக்ட்ரிக் கெட்டில் வைத்திருக்கிறேன், அதற்கு ஆகிறது ஐந்தே நிமிஷம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நிமிஷம்தான், ஆனால் 1500 வாட்டில் ஐந்து நிமிஷம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க எந்தக் கம்பெனி கெட்டிலாக இருந்தாலும் பேட்டரியிலிருந்து 100 வாட் ஹவர் போலப் போகும், அதில் பெரும்பங்கு தண்ணீரின் கணக்கு, கெட்டிலின் கணக்கு இல்லை. காலை ஒன்று சாயங்காலம் ஒன்று என்றால் பெட்டியில் ஐந்தில் ஒரு பங்கு டீக்கே போயிற்று. இண்டக்ஷனில் சோறு வடித்துக் குழம்பும் வைத்தால் 500, 600 சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். சூடு உண்டாக்குகிற எதையும் பேட்டரியில் ஓட்டாதீர்கள். மிக்ஸி பரவாயில்லை. 500 வாட் மிக்ஸி இரண்டு நிமிஷம் ஓடினால் 17 வாட் ஹவர்தான், சட்னி அரைத்துக்கொள்ளுங்கள், சத்தம்தான் பெரிது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர். பெட்ரோல் பங்க் சிலவற்றிலேயே விற்கிறார்கள், இண்டேனில் சோட்டு என்று பெயர், முகவரிச் சான்று கேட்பதில்லை. அந்த 5 கிலோவுக்குள் இருக்கிற எரிசக்தி 60 யூனிட்டுக்கு மேல். அடுப்பில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 40 யூனிட் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். உங்கள் பவர் ஸ்டேஷனை நாற்பது தடவை முழுசாக ஏற்றி இறக்குவதற்குச் சமம், தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி ஒரு சிலிண்டரில். என்ன, பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அல்லது வெளியே இறங்கித்தான் சமைக்க வேண்டும். மழை பெய்கிறது என்று கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பு மூட்டுகிற வேலை வேண்டாம், அன்றைக்கு ஹோட்டலில் சாப்பிடுங்கள்.

சரி, இவ்வளவும் செய்தால் ராத்திரி என்ன ஆகும்? ஃபேன் 12 வாட், ஃபிரிட்ஜ் வாங்கினால் சராசரி 20, ஏசி பட்டன் அணைந்திருக்கிறது. எட்டு மணிக்கு 80 சதவீதத்தில் படுத்தால் காலை ஆறு மணிக்கு 45 சதவீதம் இருக்கும். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் 65க்கு மேல். பெட்டி அதே பெட்டி.

செலவு முடிந்தது, வரவுக்கு வருவோம். உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது: வண்டி ஓடும்போது வருவது, சுவரில் சொருகுவது, வெயில். எல்லோரும் வெயிலில் ஆரம்பிப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்பதால். ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருக்கிற உங்களுக்கு முதல் வரவு எஞ்சின்தான்.

டாஷ்போர்டில் இருக்கிற சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் பெட்டியோடு கொடுத்த ஒயரைச் சொருகினால் 100 வாட் வரும். 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் அதற்குமேல் விடாது. நாலு மணி நேரம் ஓட்டினால் 400 வாட் ஹவர், உங்கள் சிக்கன வாழ்க்கைக்கு இது ஏறக்குறைய போதும். இதை நீங்கள் செய்யவே இல்லை என்று பட்டியலைப் பார்த்தால் தெரிகிறது. ஒயர் பெட்டிக்குள் பாலிதீனோடு அப்படியே இருக்கும், எடுங்கள். சொருகும்போது திருகி அழுத்துங்கள், சாக்கெட் லூசாக இருந்தால் அந்த இடம் கொதிக்கும், பிளாஸ்டிக் இளகும். ஓட்ட ஆரம்பித்து அரை மணி நேரம் கழித்து ஒரு தடவை கையை வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

இன்னும் வேகமாக வேண்டும் என்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து, அதாவது எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கிற பாகத்திலிருந்து, ஏற்றுகிற டிசி டிசி சார்ஜர் தனியாக வருகிறது, 300 வாட்டுக்கு மேல் தரும். ஓட்டுகிற ஒன்றரை மணி நேரத்தில் பாதிப் பெட்டி ஏறிவிடும். ஈகோவில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் ஒயர் நீளம் குறைவு, அது உங்கள் அதிர்ஷ்டம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள், ஆனால் ஒயர் கனத்தை நீங்கள் சொல்லுங்கள். கையில் இருக்கிற ரெண்டரை ஸ்கொயர் (2.5 சதுர மில்லிமீட்டர்) ஒயரைப் போட்டுவிடத்தான் பார்ப்பார்கள். 30 ஆம்பியர் போகும்போது போக மூணு மீட்டர் வர மூணு மீட்டர் ரெண்டரை ஸ்கொயரில் 1.3 வோல்ட் காணாமல் போகும், 40 வாட் ஒயரிலேயே சூடாக எரியும். பத்து ஸ்கொயர் போட்டால் அது கால் பங்கு. பியூஸ் வண்டி பேட்டரியின் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பெட்டி பக்கம் பியூஸ் இருக்கிறதே என்று சொல்வார்கள், நடுவில் ஒயர் உரசித் தகரத்தைத் தொட்டால் அந்த பியூஸ் ஒன்றும் செய்யாது. சாவியை அணைத்தால் சார்ஜரும் அணைகிற மாதிரி இணைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கிற ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள், டிராஃபிக்கில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அது தன் முழு அளவைத் தராது, சூடுதான் ஏறும்.

இதற்கிடையே ஒன்று. வண்டியில் எதையும் நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன்னால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை நினைவில் வையுங்கள், ஆர்சியில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். நான் இன்னமும் கூரையில் சோலார் பலகை பதிக்காமல், பெல்ட் போட்டுக் கட்டின பெட்டியை வைத்து ஓட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். பெல்ட் கட்டாயம். 12 கிலோ பெட்டி, சடன் பிரேக் அடித்தால் உங்கள் பிடரிக்குத்தான் வரும்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டால் முக்கால் லிட்டர் பெட்ரோல் போல எரியும், சாக்கெட் வழியாக உங்களுக்குக் கிடைப்பது 100 வாட் ஹவர், அதாவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. இது காசு விஷயம். உயிர் விஷயம் வேறு. தூங்கும்போது எஞ்சினோ ஜெனரேட்டரோ பக்கத்தில் ஓடக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவனில் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள், ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலிருந்து எழுப்பாது.

சுவர் பிளக்குக்கு வருகிறேன். என்னுடைய பெரிய அவமானம் இங்கேதான் நடந்தது. பரமக்குடி தாண்டி ஒரு டீக்கடை, மழை பெய்து இரண்டு நாளாக வெயிலே இல்லை, என் பெட்டியில் 9 சதவீதம். கடைக்காரரிடம் கேட்டேன், தாராளமாகப் போட்டுக்குங்க என்றார். உள்ளே பலகாரக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ஏற்கனவே ஒரு ஃபேன், டிவி, போன் சார்ஜர் இரண்டு. நான் போய் அதில் சொருகினேன். வேகமாக ஏற்றும் அமைப்பில் இருந்த பெட்டி எடுத்த எடுப்பிலேயே 1200 வாட் இழுத்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் சோர்ந்துபோனது, டிவி ஒரு முறை கண் சிமிட்டிற்று, நான் பஜ்ஜியில் இருந்தேன். இரண்டு நிமிஷத்தில் ரப்பர் கருகுகிற வாடை. டீ மாஸ்டர் பாய்லரை விட்டுவிட்டு வந்து, "தம்பி, என்னத்தயா கொண்டாந்து சொருகுனீங்க, வயரு கொதிக்குது" என்றார். தொட்டுப் பார்த்தேன், கையை வைக்க முடியவில்லை. கருகின ஒயருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், அது இன்னும் சங்கடம்.

அன்றிலிருந்து பழக்கம் இதுதான். பெட்டியின் ஆப்பிலோ பின்னால் இருக்கிற பட்டனிலோ ஏற்றும் வேகத்தை 200, 300 வாட்டுக்கு இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்தவர் பிளக்கில் கை வைப்பேன். சின்ன மூணு முனை பிளக் 6 ஆம்பியருக்கானது, அதிலேயே அந்தக் கடையின் மற்ற எல்லாம் ஓடும். மெதுவாக ஏற்றினால் பேட்டரிக்கும் நல்லது. ஒரு முழுச் சார்ஜ் அவர்களுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், கடை இணைப்பில் பத்துப் பன்னிரண்டு ரூபாய் செலவு இருக்கலாம், நான் முப்பது ரூபாய் வைத்துவிட்டு இரண்டு டீயும் குடிப்பேன். இரண்டு மணி நேரம் அங்கேயே லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தால் இடமும் கிடைக்கிறது, ஆளும் பழக்கமாகிறார்கள். எலக்ட்ரிக் வண்டி சார்ஜ் ஏற்றுகிற இடங்களில் சிலவற்றில் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கும் இருக்கிறது, கண்ணில் பட்டால் கேட்டுப் பாருங்கள். லாட்ஜில் வாரம் ஒரு நாள் குளிக்கத் துவைக்க ரூம் எடுப்பீர்கள் இல்லையா, அந்த நாளைச் சார்ஜ் நாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில். 100 வாட் பலகை என்றால் 100 வாட் வராது, நல்ல மதியத்தில் 70, 75 பார்த்தால் சந்தோஷப்படுங்கள். பலகை சூடாகச் சூடாக அதன் திறன் குறையும், ஒரு டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் என்ற கணக்கில். நம் வெயிலில் பலகை 65 டிகிரிக்குப் போவது சாதாரணம், அங்கேயே 12 முதல் 16 சதவீதம் போய்விட்டது. அதனால் தகரத்தின் மேல் ஒட்டிப் படுக்கவைக்காதீர்கள், கீழே காற்று போகட்டும். ஒரு நாள் முழுக்க நன்றாகக் காய்ந்தால் 350 வாட் ஹவர் என்று எழுதிக்கொள்ளலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் அதுவே நூறைத் தொடாது, அந்த மாதங்களில் வெயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நமக்கு ஒரு வசதி. நாம் இருக்கிற அட்சரேகையில் சூரியன் தலைக்கு மேலேயே போவதால் பலகையைத் தட்டையாக வைத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. சென்னையில் டிசம்பர் உச்சி வெயில்கூட அடிவானத்திலிருந்து 53 டிகிரி உயரத்தில் நிற்கும், லடாக்கின் லேயில் அதே நாளில் 32 டிகிரிதான், அங்கே சாய்த்து வைக்காவிட்டால் பாதி போய்விடும். நிழல்தான் நம் எதிரி. பலகைக்குள் செல்கள் வரிசையாகக் கோத்திருப்பதால் ஒரு மூலையில் தென்னங்கீற்று நிழல் விழுந்தாலும் மொத்த வரவும் படுத்துவிடும். வேன் வேப்ப மரத்தடியில் நிற்கட்டும், பலகையை மட்டும் நீள ஒயரில் வெயிலுக்கு இழுத்துப் போடுங்கள், மடக்கு பலகையின் உண்மையான லாபமே அதுதான். நாலு மூலையிலும் கல்லோ தண்ணீர் கேனோ வைத்துக் கட்டுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆரல்வாய்மொழி பக்கம் என் பலகை எழுந்து பறந்துபோய் ஒரு கருவேல முள்ளில் உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அம்மி பறந்ததைப் பார்க்கவில்லை.

பெட்டியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? போட்டோவில் முன் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி இருக்கிறது. எஞ்சின் சூடு அந்தப் பக்கம்தான் ஏறும், பின்னால் தள்ளுங்கள், காற்றுத் துவாரத்தைத் துணி மூட்டையால் அடைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்கு நம் ஊரில் ஆபத்து குளிர் இல்லை, வெயிலில் பூட்டி நிறுத்தின வண்டி. மதியம் கண்ணாடி ஏற்றிப் பூட்டினால் உள்ளே 60 டிகிரி வரை போகும். பெரும்பாலான பெட்டிகள் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்க மறுத்துவிடும், அது பெட்டியின் புத்திசாலித்தனம், கோளாறு இல்லை. வண்டியை விட்டுவிட்டு இரண்டு நாள் எங்காவது போகிறீர்கள் என்றால் முழுச் சார்ஜில் வெயிலில் விட்டுப் போகாதீர்கள், பாதியில் வைத்து நிழலில் நிறுத்துங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் பேட்டரி சீக்கிரம் கிழடாகும்.

அப்புறம் ஸ்பிடி, லடாக் ஆசை இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே கதை தலைகீழ், குளிர்தான் ஆபத்து. உங்கள் பெட்டியில் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை பேட்டரி) என்று போட்டிருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே அதிலிருந்து எடுக்கலாம், ஆனால் ஏற்றக் கூடாது, ஏற்றினால் உள்ளே லித்தியம் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். ராத்திரி பெட்டியைப் போர்வைக்குள் உங்கள் காலடியில் வையுங்கள், காலையில் வண்டிக்குள் வெயில் வந்து கதகதப்பான பிறகு சார்ஜ் ஒயரைச் சொருகுங்கள். எல்எஃப்பியில் இன்னொரு குணம், ஏறக்குறைய கடைசி வரைக்கும் வோல்ட் அப்படியே நிற்கும், அதனால் சதவீதக் கணக்கு நாளடைவில் தப்பிப் போகும். 25 காட்டிக்கொண்டிருந்த பெட்டி திடீரென்று அணைந்தால் பயப்படாதீர்கள், மாதம் ஒரு முறை 100 வரை ஏற்றி அப்படியே ஒரு மணி நேரம் விடுங்கள், கணக்கு சரியாகும்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர் பேட்டரி மாமா வீட்டில் சும்மா கிடக்கிறது, அதை ஏற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு ஒரே வரி: அது ஐம்பது கிலோவுக்கு மேல், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், ஆசிட் தளும்பும், அதன் பக்கத்தில் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

குட்டி ஏசி, அதாவது ஏர் கண்டிஷனர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எவ்வளவு சின்ன ஏசியாக இருந்தாலும் 300, 400 வாட், ஒரு ராத்திரிக்கு இரண்டரை மூணு யூனிட். அதற்கு மூணு பெட்டி வேண்டும், காலையில் அந்த மூணையும் ஏற்ற ஒரு தென்னந்தோப்பு அளவுக்குப் பலகை வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும், ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். மே மாதத்தை அங்கே கழியுங்கள். ஏசியைவிட பெட்ரோல் மலிவு.

கடைசியாக, அந்த 2000 பெட்டி. ஒரு மாதம் நோட்டில் எழுதிவிட்டு அப்போதும் பற்றவில்லை என்றால் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் ஒரே 2000 பெட்டியாக வேண்டாம், இன்னொரு 1000 வாங்குங்கள். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கும், ஒன்று டீக்கடையில் ஏறும்போது மற்றதில் லேப்டாப் ஓடும். முக்கியமாக, 2000 பெட்டி இருபது கிலோ போலக் கனம். மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் அதுவுமாக ரோட்டைத் தாண்டி எத்தனை தடவை போவீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.